ருசி பார்க்க வைத்த தட்டு

வீரபாண்டி அந்தக் கடைக்குள் முதன்முதலாக நுழைந்தது குளிர்ந்த காற்றுக்காகத்தான். அமீரகத்தின் அல் ஐன் நகரில் பஸ்ஸுக்காக நின்றவனுக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவன் தன்னையறியாமல் "அப்பாடா" என்றான். கல்லாவில் இருந்த அம்மாள் சிரித்துவிட்டார்.

நஜீஹா என்று பெயர், கீழக்கரைக்காரர். கணவர் ஹபீப் முகம்மது ஸ்பெயினிலிருந்து சரக்கு இறக்கும் கம்பெனி ஒன்றில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு, இப்போது மனைவி மகளோடு சொந்தமாக இந்தக் கடையை நடத்துகிறார். அலமாரிகள் நிறைய ஸ்பெயின் சாமான்கள்: ஆலிவ் எண்ணெய், டின் மீன், சீஸ், குங்குமப்பூ. வாசலை ஒட்டிய மேஜையில் ஒரு தட்டு. அதில் தக்காளி தேய்த்து எண்ணெய் விட்ட ரொட்டித் துண்டுகள், சீஸ், உப்பில் ஊறிய ஆலிவ் காய்கள்.

"தமிழா? சாப்பிட்டுப் பாருங்க" என்றார் நஜீஹா.

அவன் ஒன்று எடுத்தான். அவர் மறுபடி சொன்னதால் இன்னொன்றும் எடுத்தான். நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கூடாரங்களில் யார், எவர் என்று கேட்காமல் சோறு போடுவதைப் பார்த்தவன் அவன். இதுவும் அப்படி ஒரு தர்மம் என்றே நினைத்துக்கொண்டான்.

தொழிலாளர் கேம்ப்பில் அவனும் பாண்டித்துரையும் ராமையாவும் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். கட்டட வேலை சைட்டில் விழுந்து மணிக்கட்டு உடைந்து அவன் டூட்டி இல்லாமல் கிடந்தபோது, மற்ற இருவரும் சமைத்துப்போட்டு, துணி துவைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வார்த்தை சொல்லிக்காட்டியதில்லை. தானும் ஒரு நாளாவது அவர்களை "வாங்க, சாப்பிடலாம்" என்று கூப்பிட வேண்டும் என்பது வீரபாண்டியின் ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் நல்ல ஆசைக்குப் பொய்யைத் துணைக்கு அழைத்துவிட்டான்.

"எனக்குப் பழக்கமான பாய் ஒருத்தரு கடை வச்சிருக்காரு. உங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னாரு" என்றான்.

"உன்னையக் கூப்பிட்டதே பெரிய புண்ணியம். இதுல எங்களையும் வேறயா?" என்றான் பாண்டித்துரை. ஆனாலும் வெள்ளிக்கிழமை, இஸ்திரி போட்ட சட்டையோடு முதலில் கிளம்பி நின்றவன் அவன்தான். ராமையாவும் சட்டைக்கு இஸ்திரி போட்டு, அத்தர் பூசிக்கொண்டார்.

அன்று கல்லாவில் நஜீஹா இல்லை. மகள் சப்ரீனா இருந்தாள். அவளுக்கு இவனைத் தெரியாது. அதைக் கவனியாதவன் போல வீரபாண்டி தட்டுப் பக்கம் போய், வீட்டுக்காரனைப் போல உபசரித்தான். எடுங்கண்ணே, கூச்சப்படாதீங்க என்று ராமையாவின் கையில் அவனே எடுத்து வைத்தான். ஆலிவ் கொட்டையை எங்கே துப்புவது என்று தெரியாமல் ராமையா அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தட்டு காலியாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி உள்ளே வந்தார். சீஸைப் பற்றி விசாரித்துவிட்டுத் தட்டுக்குக் கையை நீட்டினார். நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். சப்ரீனா அவரிடம் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, இவர்கள் பக்கம் வந்தாள்.

"சாரி அங்கிள். அது டேஸ்ட் பண்ண வச்சது. வாங்குறவங்க ஒரு பீஸ் எடுத்துப் பாப்பாங்க. லஞ்ச் இல்ல."

கோபமாகச் சொல்லவில்லை, தணிந்த குரலில்தான் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பான். 'சாப்பிட்டுப் பாருங்க' என்பதில் 'பாருங்க' என்ற சொல் எதற்கு வந்தது என்று இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. காதுமடல்கள் எரிந்தன. பின்னால் நிற்கும் இருவரையும் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

உள்ளறையிலிருந்து ஹபீப் முகம்மது வந்தார். ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து சாப்பிட உட்காரப் போனவர். காலித் தட்டையும் குனிந்த தலையையும் இஸ்திரி போட்ட இரண்டு சட்டைகளையும் பார்த்தார்.

"சப்ரீனா, இவங்க நம்ம விருந்தாளிங்க. இன்னும் மூணு தட்டு வைக்கச் சொல்லி உம்மாட்ட சொல்லு."

உள்ளறையில் பாய் விரித்திருந்தது. நஜீஹா சோறும் மீன் ஆணமும் கொண்டுவந்தார். கூடவே அதே ரொட்டி, அதே எண்ணெய். ஹபீப் முகம்மது பிஸ்மில்லா சொல்லித் தானே பரிமாறினார். வீரபாண்டி சோற்றைப் பிசைந்தான். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.

"பாய், நீங்க எங்களைக் கூப்பிடல. கூப்பிட்டீங்கன்னு நான்தான் இவங்ககிட்ட பொய் சொன்னேன்."



"அதான் இப்பக் கூப்பிட்டாச்சே தம்பி. நீங்க கொஞ்சம் முந்தி வந்துட்டீங்க, அவ்வளவுதான்" என்றார் ஹபீப் முகம்மது.

பாண்டித்துரை மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே பேசினான். "வாசல்லயே தெரியும்டா. அந்தப் புள்ள உன்னை யாரோன்னு பாத்துச்சு."

"தெரிஞ்சும் ஏன் தின்னீங்க?"

"எடு எடுங்கிற. எடுக்கலைன்னா உன் மூஞ்சி சுருங்கிப்போகுமே. கடைத்தேங்காய எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைச்சிட்ட. போகட்டும், பிள்ளையாருக்கு ஒண்ணும் வருத்தமில்ல" என்று தன் தொந்தியைத் தடவிக்காட்டினான். ராமையாவுக்குச் சிரிப்பில் புரையேறியது.

வீரபாண்டியால் சிரிக்க முடியவில்லை. அவன் மானத்தைக் காப்பாற்ற இவர்கள் தின்றிருக்கிறார்கள்; அவனோ இவர்களுக்கு விருந்து வைப்பதாக நினைத்துக்கொண்டிருந்தான். அப்போது சப்ரீனா தண்ணீர்க் குவளையோடு வந்து அவன் அருகில் குனிந்தாள்.

"அங்கிள், உங்க ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது."

"நீ சொன்னதுல தப்பே இல்லம்மா" என்றான்.

மன்னிப்புக் கேட்க வேண்டியவன் ஒருவன் இருக்க, மற்ற எல்லாரும் அவனிடம் கேட்பது போலவே நடந்துகொண்டார்கள். எழுந்து ஓடிவிடலாம் என்றிருந்தது. ஓடினால் அத்தனை பேர் செய்ததும் வீணாகிவிடும் என்றும் தெரிந்தது. ஆண்டவன் சிலருக்குச் சோற்றைக் கூச்சத்தோடு கலந்து பரிமாறுகிறான், அதையும் தள்ளிவிடலாகாது. வீரபாண்டி தலை நிமிராமல் சாப்பிட்டான். தட்டில் ஒரு பருக்கை மீதம் வைக்கவில்லை.