குளத்து மட்டியில் ஈயம்

நிலாந்தினி நெடுந்தீவுக் குளத்தில் மட்டி பொறுக்க இறங்கியது அது மூன்றாந் தடவை. அக்கரையில் ஒரு சுற்றாடல் ஆய்வுகூடத்தில் அவளுக்கு வேலை. குளத்துக்கு மேற்கே கல் அகழ்ந்த கிடங்கு ஒன்று கிடந்தது. அகழ்ந்தவர்கள் உடைந்த மெஷின்களையும் பழைய பற்றரிகளையும் அதற்குள்ளேயே தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். மாரி மழையில் கிடங்கு நிரம்பிக் குளத்துக்குள் வழிந்தது. மட்டிச் சதையில் ஈயம் ஏறியிருக்கிறதா என்று அவள் அளக்கவேண்டும்.

முதல் தடவை கடல் கொந்தளித்து வள்ளம் இரண்டு நாள் ஓடவில்லை. ஐஸ் உருகி மட்டி அழுகிப்போனது. இரண்டாந் தடவை பத்திரமாய்க் கொண்டுபோய் ஆய்வுகூடத்துக் குளிர்பெட்டியில் வைத்தாள். திங்கட்கிழமை போய்ப் பார்த்தால், மணக்குது என்று யாரோ பையோடு எறிந்துவிட்டார்கள். பையில் 'எறியவேண்டாம்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. எறிந்தது யார் என்று கடைசிவரை தெரியவரவில்லை.

குளத்தடியில் தாரா வாத்து வளர்க்கும் கத்தரீனாவுக்கும் பொறுமை போய்விட்டது. தாராவுக்கும் தன் கறிச்சட்டிக்கும் அவள் அந்த மட்டியைத்தான் எடுப்பாள்.

"மூண்டு மாசமாப் பொறுக்கிறீர். தின்னலாமோ கூடாதோ எண்டு ஒரு சொல்லுச் சொல்ல ஏலாதோ?"

"அளக்காமல் சொல்ல ஏலாதக்கா. முடிவு வருமட்டும் தின்னாதேங்கோ எண்டுதான் அப்பவும் சொன்னனான்."

அந்தப் பதில் கத்தரீனாவுக்குப் போதவில்லை. இருந்தும் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கிக் கூடவே பொறுக்கினாள்.

இந்தமுறை நிலாந்தினி குளிர்பெட்டியைப் பூட்டித் திறப்பைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். முடிவு வந்தது. ஈயம் அனுமதித்த அளவைப்போல நாலு மடங்கு. அந்தத் தாளோடு ஓர் அரச அலுவலகத்துக்குப் போனாள். கிடங்கு வேறு பகுதிக்கு உரியது, குளம் இன்னொரு பகுதிக்கு, மட்டி எதிலும் சேராது என்றார் அங்கிருந்தவர். எதற்கும் ஒரு கடிதம் தரச் சொன்னார். அவள் அங்கேயே ஒரு கதிரையில் இருந்து எழுதிக் கொடுத்தாள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டபோது, அதற்குரியவர் லீவு என்றார்கள்.

அடுத்த வள்ளத்திலேயே தீவுக்கு வந்து கத்தரீனாவிடம் நேரே சொன்னாள். கத்தரீனா அடுப்பிலிருந்த சட்டியை இறக்கி, மட்டிக் கறியைக் குழி வெட்டிப் புதைத்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு கேட்டாள்:

"மாடெல்லாம் குடிக்குது. தண்ணியிலும் இருக்கோ?"

நிலாந்தினிக்கு அழுகை வரும்போல இருந்தது. ஆய்வுகூடத்தில் மட்டியை அளக்க மட்டுந்தான் அனுமதி தந்திருந்தார்கள்.

"தண்ணி அளக்கேல்லை அக்கா."

கத்தரீனா குசினிக்குள் போய் இரண்டு வெற்றுப் போத்தல்களோடு வந்தாள்.

"தண்ணி எடுக்க இது காணுமோ?"

"காணும். கழுவிப்போட்டுத் தாங்கோ" என்றாள் நிலாந்தினி.