குட்டியானையில் வந்த மழை

காஞ்சான்விடுதியின் மழை, ஆவணி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை பஸ் கிளம்பிய கையோடு ஊர் வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியேறியது. அன்றைக்குத் திருவரங்குளம் சந்தையில் தக்காளி மலிவு, கத்தரிக்காய் கிராக்கி. வெளியேறிய செய்தியைக் குழுவில் எல்லாரும் பார்த்தார்கள். ஏதோ வாழ்த்து என்று நினைத்துச் சிலர் கைகூப்பும் படம்கூடப் போட்டார்கள். மழைக்குக் கோபம் என்று முதலில் புரிந்துகொண்டவள் பால்காரி ராக்காயிதான். நாலு வீட்டுக்குக் கேட்கிற குரலில், “அடியே செவந்தி, ஒங்க அண்ணன் கோவிச்சுக்கிட்டுக் கெளம்பிட்டாருடி!” என்றாள்.

மழை குழுவுக்குள் வந்த வகையைச் சொல்லிவிட வேண்டும். அதற்கு இரண்டு வருஷம் முந்தி, திருச்சிக் கம்பெனி ஒன்று ரேஷன் கடைக்குப் பின்னால் வெள்ளைக் கம்பம் ஒன்றை நட்டது. உச்சியில் காற்றுக்குச் சுற்றும் கிண்ணங்கள், நடுவில் சோலார் தகடு, ஓரத்தில் மழையை அளக்கும் சின்ன வாளி, வயிற்றுக்குள் ஒரு சிம் கார்டு. காற்று, ஈரம், வெயில் எல்லாவற்றையும் அது ஓயாமல் கம்பெனிக்குச் சொல்லும். கம்பெனி அதைக் கூட்டிக் கழித்து ஊராருக்கே செய்தியாகத் திருப்பி அனுப்பும். தார் ரோட்டில் கடலை காயப்போட்டவர்களுக்கு ‘இப்போது அள்ளுங்கள்’ என்று ஒன்று, பந்தல்காரருக்கு ஒன்று, இஸ்திரிக்காரருக்கு ஒன்று, மூட்டுவலிக்காரர்களுக்கு முன்கூட்டியே ஒன்று. ஆரம்பத்தில் தப்பும் தவறுமாக வந்தது. பிறகு வயல்வாரியாகச் சரியாக வந்தது. அப்புறம் ஆள்வாரியாகவே வந்தது. ஒருநாள் ‘ராக்காயி கொட்டகைக்கு மேற்கே மழை, கிழக்கே இல்லை’ என்று வந்தபோது, வாசலில் குறுக்காக நின்ற அவள் பசு தலை நனைந்தும் வால் காய்ந்தும் நின்றது. அன்றைக்குப் பாலிலும் பாதிதான் தண்ணீர் என்று பால் சொசைட்டியில் பேசிக்கொண்டார்கள்.

கம்பத்துக்குள் இருந்த அந்த சிம் கார்டின் எண் ஒரு சாயங்காலம் தானாகக் குழுவில் சேர்ந்துகொண்டது. படம் இருக்க வேண்டிய வட்டத்தில் வெறும் சாம்பல் நிறம். உற்றுப் பார்த்தால் அது நகர்ந்தது. கம்பெனியின் ஆளாகப் புதுக்கோட்டையிலிருந்து பைக்கில் வந்துபோகும் பிரவீன்குமார், “அது டிவைஸுங்க, மழையெல்லாம் இல்லீங்க” என்று சத்தியம் செய்தான். “டிவைஸு எதுக்குய்யா ஆடி பதினெட்டுக்கு எல்லாத்துக்கும் முன்னாடி வாழ்த்துப் போடுது?” என்று ராக்காயி கேட்டாள். மழை எழுத்தில் பேசாது. குரல் பதிவுதான்: ஓட்டில் விழுகிற சத்தம். சரி என்றால் படபடவென்று, வேண்டாம் என்றால் இழுத்து. சாவுச் செய்தி வந்தால் மட்டும் நாலு சொட்டு, மெதுவாக. ஒரு வாரத்துக்குள் ஊரார் அதற்கு முறை வைத்துவிட்டார்கள். சிலருக்குப் பெரியப்பா, சிலருக்குக் கொழுந்தன். உடன்பிறந்தவர் யாரும் இல்லாத செவந்தி அண்ணன் என்று வைத்துக்கொண்டாள். மழையும் மறுக்கவில்லை. “அண்ணே, துணி கெடக்கு” என்று அவள் சொன்னால் அவள் கொடியை மட்டும் விட்டுவிட்டு ஊரெல்லாம் பெய்யும்.

அந்த ஆவணியில் செவந்தியின் மகள் இலக்கியாவுக்குக் கல்யாணம். கணவன் குணசேகரன் குவைத்திலிருந்து லீவில் வந்திருந்தான். இருவரும் வெற்றிலை பாக்குத் தட்டோடு சொந்தக்காரர் வீடு வீடாக ஏறி இறங்கிக் கால் வீங்கிப்போனார்கள். மிச்சம் இருந்தவர்களுக்காக, செவந்தி பத்திரிகையைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டாள். கீழே எல்லாரும் போடுகிற வரியைத்தான் அவளும் போட்டாள்: ‘இதையே நேரில் வந்து அழைத்ததாக ஏற்றுக்கொள்ளவும்.’ அத்தோடு விட்டிருக்கலாம். பந்தல்காரர் நச்சரித்ததில், “மழை அண்ணன் மட்டும் அன்னைக்குக் கொஞ்சம் ஒதுங்கி இருந்தாத் தேவலை” என்று குரல் பதிவும் ஒன்று போட்டுவிட்டாள். பெண்ணுக்குத் தாய்மாமன். முதல் பத்திரிகை வாங்க வேண்டிய ஆள். அவரைப் போனில் அழைத்ததோடு, வரவும் வேண்டாம் என்றால் யார்தான் பொறுப்பார்கள்? மறுநாள் காலையில்தான் மழை வெளியேறியது.

கல்யாணம் நல்ல வெயிலில் நடந்தது. தாய்மாமன் போட வேண்டிய மாலையை ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் போட்டார். போட்ட கையோடு, பந்தியில் பாயசம் தீர்ந்துவிட்டதென்று சண்டையும் போட்டார். குணசேகரன் குவைத்துக்குத் திரும்பினான். அதன்பிறகு மழை காஞ்சான்விடுதியின் எல்லைக்கல் வரை வரும், நிற்கும், திரும்பிப் போய்விடும். கல்லுக்கு அந்தப் பக்கம் நண்டு ஓடியது, இந்தப் பக்கம் புழுதி பறந்தது. கல்லே ஒரு பாதி பாசி பிடித்து, மறு பாதி வெடித்து நின்றது. கம்பம் நாள்தோறும் பூஜ்யம் என்றே சொல்லிக்கொண்டிருந்ததால், கம்பெனிக்காரர்கள் கருவி கெட்டுவிட்டதாக நினைத்து வாளியை மாற்றினார்கள். புது வாளியும் பூஜ்யம் என்றது.

ஊருக்கு அது வருத்தம். செவந்திக்குத் தலைபோகிற காரியம். ஒன்றரை ஏக்கர் செம்மண்ணில் ஆடியில் விதைத்த கடலை அவளுடையது. கிணறு கிடையாது, வானத்தை நம்பிய வெள்ளாமை. செடி பூத்து முடித்திருந்தது. பூ உதிர்ந்த இடத்திலிருந்து விழுது இறங்கி மண்ணுக்குள் போனால்தான் காய். மண் இளகியிருக்க வேண்டும். இறுகிக் கிடந்தால் விழுது அந்தரத்திலேயே கருகிவிடும். மேலே பச்சையாகச் செடி நிற்கும், அடியில் ஒன்றும் இருக்காது. போகும்போதே குணசேகரன் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தான்: “இந்தத் தடவையும் கடலை காஞ்சுச்சுன்னா தைலமரம்தான். கன்னுக்குச் சொல்லி வச்சுட்டேன். ஒருக்க வச்சுட்டம்னா நீ வயப்பக்கம் போகவே வேணாம்.” அந்தப் போகவே வேண்டாம் என்பதுதான் செவந்திக்கு ஆகவில்லை. விடிந்ததும் வயலுக்குப் போய் நாலு செடியைத் திட்டிவிட்டு வராவிட்டால் அவளுக்குத் தொண்டையில் காப்பி இறங்காது.

புரட்டாசி பிறந்தது. விழுதுகள் மண்ணுக்கு ஒரு விரல்கடை மேலே தொங்கிக்கொண்டு நின்றன. ராக்காயி வந்து வரப்பில் நின்று பார்த்தாள்.

“போன்ல கூப்பிட்டது தப்பு. தட்டை எடு, நேர்ல போயி அழைப்போம்.”

“எங்கிட்டுப் போயி அழைக்கிறது அத்தாச்சி? மழைக்கு வீடா வாசலா?”

“அதுக்குத்தான் கம்பெனிக்காரப் பய இருக்கானே!” என்று போய், கம்பத்து வாளியைத் துடைத்துக்கொண்டிருந்த பிரவீன்குமாரை ராக்காயி சட்டைக் காலரோடு இழுத்து வந்தாள். மாவட்டம் முழுக்கக் கம்பெனிக்குக் கம்பங்கள் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எந்த மேகம் எங்கே என்று போனில் தெரியும். அவன் பார்த்துவிட்டு, “இப்ப கொடும்பாளூர்ல இருக்காருங்க” என்றான். இருக்கார் என்று தன் வாயால் சொன்னதைக் கேட்டு அவனே ஒரு நிமிஷம் நின்றான். அதன்பிறகு அவன் மழையை மரியாதை இல்லாமல் பேசியதில்லை.

குட்டியானை என்று எல்லாரும் சொல்கிற சின்ன சரக்கு வண்டி ஒன்று ஜெரால்டிடம் இருந்தது. செங்கல், ஆடு, கல்யாணப் பாத்திரம் எது வேண்டுமானாலும் ஏற்றுவான். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை எல்லாம் வைத்துக்கொண்டு நாலு பேரும் கிளம்பினார்கள். கொடும்பாளூரில் மூவர் கோயிலின் மூன்றில் ஒன்று இடிந்துபோய் அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது அல்லவா, அந்தக் காலி இடத்தில் கோபுரம் மாதிரி மேகம் உட்கார்ந்திருந்தது. வண்டியைக் கண்டதும் எழுந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு தெற்கே நடந்தது. “கெளம்பிட்டாருங்க! பொன்னமராவதி ரோடு!” என்று பிரவீன்குமார் கத்தினான். ஜெரால்டு மிதித்தான். “அவருக்கென்ன, மேல போறாரு. ஸ்பீடு பிரேக்கர் பூராம் எனக்குல்ல இருக்கு” என்று புலம்பிக்கொண்டே மிதித்தான். வழியில் ஒவ்வொரு கம்பமும் மழையின் மனநிலையைச் சொல்லிக்கொண்டே வந்தது. காற்று வேகம் கூடினால் கோபம் என்று வைத்துக்கொண்டார்கள். பிறகு காற்று தணிந்து ஈரப்பதம் ஏறியது. “அழுகை வருது போல இருக்குங்க” என்றான் பிரவீன்குமார். ராக்காயி தலையாட்டினாள். “வரட்டும். அழுகை வந்தாப் பேச்சும் வரும்.”

பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டு எதிரில், பாத்திரக்கடைக்கு நேர் மேலே, மேகம் நின்றுவிட்டது. செவந்தி தட்டோடு நடு ரோட்டில் இறங்கினாள். ராக்காயி அவள் காதில், “திட்டி முடிக்கட்டும். குறுக்க பேசிராத” என்றாள். மழை திட்டியது. இடி இடியாகத் திட்டியது. கடையில் தொங்கிய குண்டான்களெல்லாம் ஒன்றோடொன்று இடித்து, ஆமாம் ஆமாம் என்றன. செவந்தி தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள்.

“யாரு வீட்டுச் சண்டை?” என்று கடைக்காரர் கேட்டார்.

“அண்ணன் தங்கச்சிங்க. தங்கச்சி மக கல்யாணத்துக்கு நேர்ல வந்து சொல்லலையாம்” என்றான் பிரவீன்குமார்.

“அப்பப் பேசத்தான செய்வாரு,” என்று அவர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மீதிப் பாதியில் குனிந்து நின்று கவனித்தார்.

இடி ஓய்ந்ததும் செவந்தி தட்டை உயர்த்தினாள். “தப்புத்தாண்ணே. காலு வீங்கிருச்சு, போன்ல போட்டுட்டேன். ஒதுங்கி இருங்கன்னு வேற சொல்லிட்டேன், என் வாயில அடிக்கணும். நீங்க போட வேண்டிய மாலையை இன்னொருத்தன் போட்டதுல இருந்து எனக்கு மனசு ஆறல. எனக்கு அங்கிட்டுக் கடலை காயுது, அதையும் மறைக்கல. அதுக்குத்தான் வந்தேன்னு நெனச்சாலும் நெனைங்க. ஆனா கல்யாணச் சாப்பாடு நீங்க இன்னும் சாப்பிடல. வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க.”

பஸ் டிரைவர்கள்கூட ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டார்கள். தட்டு விளிம்புவரை தண்ணீரால் நிறைந்தது. ஒரு வெற்றிலையும் ஒரு பாக்கும் தட்டிலிருந்து எழும்பி மேலே போய் மறைந்தன. கொஞ்ச நேரத்தில் மேகத்தின் அடிப்பக்கம் இலேசாகச் சிவந்தது. ரோட்டோரம் நின்றவர்கள் கை தட்டினார்கள். கடைக்காரர் தாய்மாமனுக்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளரைச் சும்மா கொடுத்தார்.

மேகம் மேலேயே வந்துவிடும் என்றுதான் நினைத்தார்கள். அழைத்துப்போக வண்டி வந்திருக்கும்போது யார் நடந்து வருவார்கள்? மழை குட்டியானையின் பின்னால் ஏறிக்கொண்டது. தொட்டிக்குள் மட்டும் பெய்தது. ஒரு முழம் தள்ளி ரோடு காய்ந்து கிடந்தது. மற்ற மூவரும் முன்பக்கத்தில் ஜெரால்டோடு நெருக்கியடித்து, ராக்காயியின் முழங்கை கியர் போட உட்கார்ந்து வந்தார்கள். திருமயம் தாண்டும்போது போலீஸ்காரர் ஒருவர் கை காட்டினார்.

“என்னய்யா லோடு?”

“மழை சார்.”

அவர் பின்னால் போய் எட்டிப் பார்த்து, தொப்பியைக் கழற்றி உதறிவிட்டு வந்தார். “தார்ப்பாயப் போட்டுக் கட்டிக்கிட்டுப் போ. ரோடெல்லாம் சிந்துதுல்ல.”

எல்லைக்கல்லைத் தாண்டும்போது மழை இறங்கவில்லை. வீட்டு வாசலில் ஜெரால்டு பின்கதவைத் திறந்துவிட்ட பிறகுதான் இறங்கியது. வந்தவருக்குக் கால் கழுவச் செம்பில் தண்ணீரோடு வந்த செவந்தி, கொடுப்பதா வேண்டாமா என்று ஒரு நொடி குழம்பி, கொடுத்தே விட்டாள். மழையும் முறைப்படி வாங்கிக்கொண்டது. பிறகு நேரே அவள் வயலுக்குப் போய், விழுதுக்கு வலிக்காத மாதிரி, பொழுது சாய்ந்தும் பெய்துகொண்டிருந்தது. காலையில் செவந்தி குனிந்து ஒரு செடியின் அடியை விலக்கிப் பார்த்தாள். ஊசியில் நூல் கோத்ததுபோல் விழுதுகள் எல்லாம் மண்ணுக்குள் போயிருந்தன. வழக்கம்போல நாலு செடியைத் திட்டினாள்.

பின்னாளில் கம்பெனி இதை ஒரு தனிச் சேவையாகவே ஆக்கியது. அழைக்கப் போகிறவர்களுக்கு மழை இப்போது எங்கே இருக்கிறது, என்ன மனநிலையில் இருக்கிறது, வெற்றிலை போடுமா போடாதா என்பதெல்லாம் போனில் வரும். இப்போது அந்தப் பக்கத்தில் முதல் பத்திரிகை குலசாமிக்கு, அடுத்தது மழைக்கு. பிரவீன்குமாருக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தும் அவன் போகவில்லை. அங்கே மழை யாருக்கும் சொந்தமில்லை என்று சொல்லிவிட்டான்.

அதெல்லாம் பிறகு. மழை வந்த மறுநாள் மத்தியானம், குணசேகரன் வீடியோவில் கூப்பிட்டான். “கன்னுக்காரன் நாளைக்குக் குழி தோண்ட ஆள் அனுப்புறேங்கிறான்” என்று ஆரம்பித்தான். செவந்தி போனை வயலுக்குத் திருப்பினாள். அவன் ஈர மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பின்னால யாரு நிக்கிறது?”

“எங்க அண்ணன்.”

குணசேகரன் அவசரமாகச் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டான். “மச்சான், நல்லா இருக்கீங்களா? கல்யாணத்துல பாக்க முடியாமப் போச்சு” என்றான். படபடவென்று பதில் வந்தது. அவன் குரலைத் தாழ்த்தினான். “கன்னு வேணாம்னு சொல்லிர்றேன். மச்சானுக்குக் கறி எடுத்தியா?”

“புரட்டாசியில கறியா? சாம்பார்தான்.”

“அப்பளமாச்சும் பொரிடி.”

வயல் வரப்பிலேயே தலைவாழை இலை போட்டுச் செவந்தி பரிமாறினாள். மழை இரண்டு தடவை சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது. அப்பளம் நமுத்துப்போனது. வந்தவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.