டினா குரைத்த இடம்

டினா முன்கால்கள் சேற்றில் புதைய நின்று, கவிழ்ந்து கிடந்த தகரம் ஒன்றின் ஓரத்தை முகர்ந்தது. கயிற்றைப் பிடித்திருந்த கோப்ரல் லியனார்ட் அசையாமல் காத்திருந்தான். முந்தின நாள் விடியற்காலையில் மலை சரிந்து, ராகலைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயம் ஒன்றை முழுதாக மூடியிருந்தது. மழை இன்னும் விடவில்லை. மேலே, மலையில் ஓடிய வெடிப்பைப் பார்த்தபடி ஒரு சிப்பாய் விசிலோடு நின்றான்.

டினா போர் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகு பிறந்த நாய். என்றாலும் போர் விட்டுப்போனதைத் தேடுவதுதான் அதன் முதல் வேலை. முல்லைத்தீவுக் காடுகளில் கண்ணிவெடியை மோப்பம் பிடித்தால் சத்தமில்லாமல் உட்காரும். மண்ணுக்குள் மனிதர்களைத் தேடப் பிறகுதான் பழக்கினார்கள். இறந்தவர் என்றால் படுத்துக்கொள்ளும், உயிர் இருந்தால் குரைக்கும். காலையிலிருந்து அது படுத்துக்கொண்டேதான் இருந்தது. அது படுத்த இடங்களிலெல்லாம் சிப்பாய்கள் தோண்டி, துணியால் மூடி, கீழே கொண்டுபோனார்கள்.

தடைக்கயிற்றுக்கு அப்பால் சண்முகவடிவு நின்றாள். தங்கச்சியின் பிரசவத்துக்காக நுவரெலியா ஆஸ்பத்திரியில் அவள் நின்ற அந்த இரவில், மகள் கிருஷாந்தி வீட்டில் தனியாக இருந்தாள். இன்று காலையில் சண்முகவடிவு லியனார்டிடம் தெரிந்த சிங்களத்தில் ஏதோ கேட்க முயன்றாள். அவன் தமிழில் பதில் சொன்னதும் அவனுடைய சீருடையை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீங்க தமிழாங்க?”

“ஊரு வட்டவளைம்மா. நானும் தோட்டத்து ஆளுதான்.”

“நாய் படுத்தா என்னா அர்த்தம் தம்பி?”

அவன் சொன்னான். குரைத்தால் என்ன என்பதையும் சொன்னான்.

“அப்ப எங்க காம்பரா பக்கம் அது படுக்கக்கூடாது” என்றாள்.

இப்போது, லயத்தில் அவள் வீடாயிருந்த அந்தக் காம்பராவின் பக்கத்தில்தான் டினா நின்றது. தகரத்தின் ஓரத்தைக் கால்களால் பறித்தது. பிறகு குரைத்தது. மீண்டும் மீண்டும், வால் விறைக்கக் குரைத்தது.

லியனார்ட் மண்டியிட்டுத் தகரத்தில் காதை வைத்தான். முதலில் மழைச் சத்தம் மட்டும். பிறகு கீழே வெகு ஆழத்திலிருந்து, யாரோ எதையோ கொண்டு சுவரில் தட்டுவது போல மெல்லிய சத்தம். அவன் பதிலுக்குத் தகரத்தில் தட்டினான். கீழே சத்தம் நின்றது. உடனே அவசரம் அவசரமாக மறுபடி எழுந்தது. அவன் கத்தி ஆட்களைக் கூப்பிட்டான். மண்வெட்டிகள் வந்தன. ஒரு மரச்சட்டத்தை அகற்றியிருப்பார்கள், அதற்குள் மேலே விசில் ஒலித்தது.

எல்லோரும் உடனே இறங்கும்படி கப்டன் சிங்களத்தில் கத்தினார். மண்வெட்டிக்காரர்கள் ஓடினார்கள். லியனார்ட் எழவில்லை. கப்டன் அவனுடைய பெயரைச் சொல்லி இன்னொரு முறை கத்தினார். காலடியில் நிலம் மெல்ல வழுக்குவது அவனுக்குத் தெரிந்தது. கயிற்றை இழுத்தான். டினா வரவில்லை, நகங்களைத் தகரத்தில் ஊன்றிக்கொண்டு நின்றது. அவன் அதை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். அவன் கழுத்தருகே அது குரைத்துக்கொண்டே வந்தது. கீழேயுள்ள பாதையை அடைந்தபோது பின்னால் மலை வந்த சத்தம் கேட்டது. அவன் திரும்பிப் பார்த்தபோது தகரமும் இல்லை, தோண்டிய குழியும் இல்லை. தேயிலைச் செடிகளோடு ஒரு துண்டு மலை அங்கே உட்கார்ந்திருந்தது.

சண்முகவடிவு அவனிடம் வந்தாள். ஓடி வரவில்லை.

“நாய் குரைச்சிச்சு.”

“ஆமாம்மா.”

“உள்ளுக்கு ஏதும் சத்தம் கேட்டிச்சா?”

இல்லை என்று சொல்ல அவன் வாயெடுத்தான். முடியவில்லை.

“தட்டினாங்க. நானும் தட்டினேன்.”

அவள் அதையே யோசித்தபடி நின்றாள். மழை அவள் நெற்றியிலிருந்து கண்ணுக்குள் வடிந்தது, அவள் துடைக்கவில்லை.

“அப்ப நம்ம வந்தது அவளுக்குத் தெரியும்” என்றாள்.

லியனார்ட் வடிகாலின் ஓரக் கல்லில் உட்கார்ந்தான். டினா மலையைப் பார்த்து நடுங்கியபடி நின்றது. அதன் பின்காலிலிருந்து இரத்தம் ஒழுகியது. சண்முகவடிவு குந்தி உட்கார்ந்து அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்தாள். விரலிடுக்கில் அட்டைகள் ஊதித் தொங்கின. தேயிலைக் கொழுந்தின் கறை படிந்த நகங்களால் ஒவ்வொன்றாகக் கிள்ளியெடுத்து ஓடும் தண்ணீரில் போட்டாள்.