இல்ஸே வீட்டுத் தரை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நான் யோசித்து எடுத்த கதை இல்லை. எங்கள் மலைக்கிராமமான குரோதானியில் வருஷக் கடைசியில் ஊர்க் கூடத்தில் ஒரு விருந்து நடக்கும். சட்டியில் காட்டுப்பன்றிக் கறி கொதிக்க, பியர் புட்டிகள் காலியாக, அந்த வருஷம் நடந்ததையெல்லாம் ஆளாளுக்கு எடுத்து விடுவார்கள். போன முறை எல்லோர் வாயிலும் இல்ஸே வீட்டுத் தரைதான். அவள் ஊரில் இல்லாத சமயம் பார்த்து எல்லோரும் சேர்ந்து சிமெண்டுத் தரை போட்டுக் கொடுத்ததையும், திரும்பி வந்து அதைப் பார்த்தவள் தேம்பித் தேம்பி அழுததையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். இல்ஸேயும் சிரித்தாள். ஆனால் மற்றவர்கள் சிரித்து ஓய்ந்து மூச்சு வாங்கும்போதுதான் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். எழுதுகிறவன் புத்தி, அந்தத் தாமதத்தைப் பிடித்துக்கொண்டது.

(என்னைப் பற்றி: இந்தப் பள்ளத்தாக்கில் டிராக்டரும் நாற்று நடும் இயந்திரமும் பழுது பார்க்கிறேன். ஒரு காலத்தில் என்னையும் வெளியூரான் என்றார்கள். இப்போது வாய்க்கால் தூர்வார வராவிட்டால் திட்டுகிறார்கள். இதைவிடப் பெரிய மரியாதை எனக்கு எங்கும் கிடைத்ததில்லை.)

2

எப்படி ஆரம்பிப்பது என்று சில தாள்கள் வீணாயின.

"பனி பெய்துகொண்டிருந்தது." வேண்டாம். இந்த நாட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எல்லோருடைய பேனாவிலும் பனி கொட்டுகிறது. இல்ஸே வீடு பார்க்க வந்த அன்று புழுக்கம், கொசு வேறு.

"லாத்வியாவிலிருந்து வாழ்க்கையின் பொருளைத் தேடி இல்ஸே என்ற பெண்..." அடித்துவிட்டேன். அவள் எதையும் தேடி வரவில்லை. இயந்திரங்களோடு வரும் கையேடுகளை மொழிபெயர்த்துப் பிழைப்பவள். எங்கே உட்கார்ந்தாலும் செய்யலாம். நகராட்சியில் ஆளில்லாத வீடுகளின் பட்டியலில் இந்த வீடு இருந்தது, பார்க்க வந்தாள்.

மூன்றாவதாக எழுதிய வாக்கியம் நின்றது: இல்ஸே அந்த வீட்டை வாங்கியது அதன் தரைக்காக.

அன்று கூட்டி வந்த நகராட்சி ஊழியர் வாசலிலிருந்தே மன்னிப்புக் கேட்க ஆரம்பித்துவிட்டார். ஓடு சரிந்திருக்கிறது, மன்னிக்க வேண்டும். எலி இருக்கலாம், மன்னிக்க வேண்டும். நுழைந்ததும் சமையலும் வேலையும் நடக்கும் மண்தரைப் பகுதி. செருப்போடு நடக்கிற இடம் அது. மண்ணும் சுண்ணாம்பும் கலந்து, பலபேர் கூடி இடித்துக் கெட்டியாக்கிய தரை. தலைமுறைக் கணக்கில் கால்பட்டு, மேடும் பள்ளமுமாக மினுமினுத்துக் கிடந்தது. இல்ஸே அங்கே போய்ச் செருப்பைக் கழற்றினாள், காலுறையையும் கழற்றினாள். ஊழியர் பதறிப்போய், "அது மண்ணுங்க" என்றார். "தெரியுதுங்க" என்றாள். குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறியது. சாகும்வரை இங்கேயே இருந்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

3

அதன்பிறகு அவள் செய்ததெல்லாம் பிய்ப்பதுதான். தாழ்வாக அடித்திருந்த பிளைவுட் கூரையைப் பிய்த்து மேலே புகையேறிக் கறுத்த உத்தரங்களை வெளியே காட்டினாள். பலகைத் தரைமேல் ஒட்டியிருந்த பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பைச் சுரண்டி எடுத்தாள். இடிந்த மண் அடுப்பைப் பூசி நேராக்கி, அதில் தன் நாட்டு ரை மாவு ரொட்டி சுட்டாள். ஊருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் ஊர்த் தலைவர் மசுவோ சான் (சான் என்பது இங்கே பெயரோடு ஒட்டும் மரியாதை), காலமெல்லாம் சிமெண்டுக் கலவை சுமக்கும் ரெடிமிக்ஸ் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், ஒருநாள் அந்த உத்தரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு என் பட்டறைக்கு வந்தார்.

"எங்கப்பன்லாம் காசு சேர்த்து மூடி வெச்சதை இந்தப் பொண்ணு ஒண்ணொண்ணா தெறந்து பார்க்குது. ஏன்யா, வெளிநாட்டுல உத்தரமே கிடையாதா?"

"அழகா இருக்குன்னு நினைக்குது, மசுவோ சான்."

"அழகு கிடக்கட்டும். குளிர்காலம் வருதே. அந்த மண்ணுல நிக்குமா?"

இந்தக் கேள்வியில் இருந்த கவலை எனக்கு அப்போது கேட்கவில்லை.

[அடிக்குறிப்பாக வரவேண்டியது, இங்கேயே வரட்டும்: இந்த ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் வீட்டுக்காரர்கள் "அழுக்கான இடம், மன்னிச்சுக்குங்க, உள்ளே வாங்க" என்பார்கள். வீடு கண்ணாடி மாதிரி இருக்கும். அது ஒரு வரவேற்பு, அவ்வளவுதான். இல்ஸே இந்த ஊர் மொழி படித்தபோது இதையும் படித்திருந்தாள். வருகிறவர்களிடமெல்லாம் மண்தரையைக் காட்டித் தலை குனிந்து, "ரொம்ப அழுக்கான இடம்" என்று ஒழுங்காகச் சொன்னாள். எங்களில் ஒருத்தி சொல்லியிருந்தால் காதில் வாங்காமல் உள்ளே போயிருப்பார்கள். வெளிநாட்டுக்காரி சொன்னதால், பாவம், மனசில் இருப்பதைச் சொல்கிறாள் என்று நம்பிவிட்டார்கள். அவள் எங்கள் வழக்கத்தை மதித்தாள், நாங்கள் அவள் சொல்லை மதித்தோம். வினை அங்கேதான் வந்தது.]

4

அண்ணன் கல்யாணத்துக்கு இல்ஸே தன் நாட்டுக்கு, ரீகாவுக்குப் போனாள். கதவு திறந்து காற்றாட விடச் சொல்லிப் பக்கத்து வீட்டு தொகுவே சானிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள். மசுவோ சான் தன் பழைய கம்பெனியில் பேசிச் சின்ன லாரி ஒன்றை வரவழைத்தார். வீட்டுக்கு ஓர் ஆளாக வந்தார்கள். தள்ளுவண்டியில் கலவை போக, மசுவோ சான் முழங்காலில் உட்கார்ந்து கரணை பிடித்தார். வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் வாசலில் கொட்டிவிட்டுப் போனவர், முதல்முறையாகத் தன் கையால் இழைத்தார். என் பட்டறையிலும் அன்று ஆள் கேட்டார்கள். நான் டோட்டோரியில் ஒரு அறுவடை இயந்திரத்துக்கு அடியில் கிடந்தேன், தப்பித்தேன்.

இல்ஸே வந்த அன்று எல்லோரும் வாசலில் நின்றார்கள். சோற்றுருண்டையும் சேப்பங்கிழங்குக் குழம்பும் தயாராக இருந்தன. கதவைத் திறந்தாள். சாம்பல் நிறத்தில், வழவழவென்று, சூப்பர் மார்க்கெட் கார் நிறுத்துமிடம் மாதிரி இருந்தது தரை.

இல்ஸே அப்போது தன் மனதுக்குள்

(இந்த வாக்கியத்தை முடிக்க என்னால் முடியவில்லை. பலமுறை முயன்றேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.)

அப்படியே உட்கார்ந்து அழுதாள். ஊர் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டது. மசுவோ சானும் அழுதார். தொகுவே சான் மட்டும் அழவில்லை, குழம்பைக் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள். இல்ஸே எழுந்து ஒவ்வொருவர் முன்னும் குனிந்து நன்றி சொன்னாள். அந்த நன்றி பொய் இல்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள். இத்தனை பேர் தனக்காக முதுகு ஒடிய வேலை செய்தது அவள் ஆயுளில் நடந்ததே இல்லை. தரை போனதும் உண்மை, மனசு நிறைந்ததும் உண்மை. இரண்டையும் வைத்துக்கொண்டு குளிர்காலம் முழுக்க அந்தச் சிமெண்டில் நடந்தாள்.

5

இங்கே எனக்கு மசுவோ மீது ஒரு சந்தேகம். இத்தனை வெள்ளந்தியாக ஒரு மனுஷன் இருப்பானா? வாரம் தவறாமல் ரசமட்டத்தோடு வந்து, விரிசல் விட்டிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். பக்கத்து ஊர்க்காரர்களைக் கூட்டிவந்து காட்டுவார். கதையில் இப்படி ஓர் ஆளை வைத்தால் கேலிச்சித்திரம் என்பார்கள். அவரைக் கொஞ்சம் கெட்டவராக்கலாமா என்றுகூட யோசித்தேன். நல்லவேளை, அதற்குள் தொகுவே சான் குறுக்கே வந்தாள்.

முள்ளங்கி ஊறுகாய் கொடுக்கிற சாக்கில் வந்து, தரையை ஒட்டி உயர்ந்திருக்கும் பலகைத் தளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, காலால் சிமெண்டைத் தட்டினாள்.

"நெசமாவே பிடிச்சிருக்கா?"

"எல்லாரும் கஷ்டப்பட்டுப் போட்டது. ரொம்ப நன்றியா இருக்கு."

"நன்றி இருக்கான்னு கேக்கலை. பிடிச்சிருக்கான்னு கேட்டேன்."

இல்ஸே ஊறுகாய்ச் சாடியின் மூடியைத் திறந்து மூடினாள்.

"நீ அந்த மண்ணைக் கையால தடவிக்கிட்டு உக்காந்திருந்ததை ஜன்னல் வழியாப் பார்த்திருக்கேன். அந்த மசுவோகிட்டே சொன்னேன், கேக்கலை. சரி, ஈரம் ஏறும், கீழே கனமா பிளாஸ்டிக் விரிச்சு அது மேல ஊத்துய்யான்னு மல்லுக்கு நின்னேன். அதை மட்டும் கேட்டான்."

"அப்படின்னா?"

"அப்படின்னா உன் மண்ணு கீழே அப்படியே கிடக்குது. வாய் இருக்கில்ல? போய்ச் சொல்லு. எங்களுக்குப் பொய்ச் சிரிப்பு சிரிக்க உன்கிட்டே வந்து கத்துக்க வேண்டியதில்லை."

6

அடுத்த முறை மசுவோ சான் ரசமட்டத்தை வைத்துக் குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இல்ஸே அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். சொன்னால் இந்த ஊர் தன்னை என்ன நினைக்கும் என்ற பயம் இருந்தது. ஊர் முகம் திருப்பினால் தண்ணீர் வாய்க்காலும் இல்லை, பனி வழிக்க ஆளும் இல்லை. வீட்டை விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான்.

"மசுவோ சான், அன்னிக்கு நான் அழுதது சந்தோஷத்துல இல்லை. எனக்கு அந்த மண்தரை ரொம்பப் பிடிக்கும். அதுக்காகத்தான் வீட்டையே வாங்கினேன்."

அவர் குமிழியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அழுக்கான இடம்னு நீதானேம்மா சொன்னே?"

"எல்லாரும் சொல்றாங்களேன்னு சொன்னேன்."

உள்ளங்கையால் சிமெண்டைத் தடவிப் பார்த்தார்.

"எங்க வீட்டுலயும் இந்த மாதிரி தரைதான். எங்கம்மா விடிஞ்சா அடைஞ்சா அதுலதான் நிப்பா. மாசியில கால் வெடிச்சு ரத்தம் வரும். ரத்தம் வந்த காலோட எங்களுக்குச் சோறு போடுவா. லாரி ஓட்டி மொதல்ல வந்த சம்பளத்துல ஆள் வெச்சு சிமெண்டு போட்டுக் குடுத்தேன். அன்னிக்கு அவ அழுதா. அதே மாதிரிதான் நீயும் அழுவுறேன்னு நினைச்சுட்டேன்."

ரசமட்டத்தைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இங்கே என் சந்தேகத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எனக்கும் இல்ஸேவுக்கும் அழகாகத் தெரிந்த அந்தத் தரை, அதில் நின்று சமைத்தவளுக்கு என்னவாக இருந்தது என்று நாங்கள் இருவரும் கேட்டதே இல்லை. வெளியூர்க்காரர்களின் கண் அப்படித்தான் போலிருக்கிறது.

7

வாரங்கள் போயின, மசுவோ வரவில்லை. இல்ஸே ரொட்டி சுட்டுக்கொண்டு போனால் அவர் மனைவி வாங்கிக்கொண்டாள், அவர் வயலில் இருப்பதாகச் சொன்னாள். வயலில் அப்போது ஒரு வேலையும் கிடையாது.

வசந்தத்தில் வாய்க்கால் தூர்வாரும் நாள் வந்தது. சேற்றை வாரிப் போட்டுவிட்டு எல்லோரும் கரையில் உட்கார்ந்து பார்லி டீ குடிக்கும்போது மசுவோ எழுந்து நின்றார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை எல்லாரும் சம்மட்டி கொண்டாங்க. இல்ஸே வீட்டுத் தரையை எடுக்கணும்."

"இப்பதானேய்யா போட்டோம்?" என்றார் ஒருவர்.

"போட்டது நாமதானே? எடுக்கவும் நாமதான் வரணும்."

"மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் பண்ணிட்டு வேண்டாம்னு சொல்ற மாதிரி இருக்கு" என்றாள் தொகுவே சான். கரையே சிரித்தது.

இல்ஸே சேற்றுக் கையோடு எழுந்தாள். "வேண்டாம். தரை அப்படியே இருக்கட்டும். உடைக்க விடமாட்டேன்."

"நீதானே மண்ணு வேணும்னே?"

"உங்க அம்மா கதையைக் கேட்டப்புறம் எப்படி உடைப்பேன்?"

"எங்கம்மாவுக்குப் போட வேண்டியதை நான் எங்க வீட்டுல போட்டாச்சு. உனக்கு என்ன வேணும்னு கேட்டிருக்கணும், கேக்கலை. உடைச்சே தீருவேன்."

"அது என் வீடு, மசுவோ சான்."

"என் தரைம்மா அது."

ஒருத்தருக்காக ஒருத்தர் விட்டுக்கொடுப்பதில் இப்படி முறைத்துக்கொண்டு நின்றவர்களை நான் அதுவரை பார்த்ததில்லை. கண் கலங்கிவிட்டது. சேறு பட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

8

இன்று அந்த ஞாயிற்றுக்கிழமை. காலை வெயில் மேஜைமேல் விழுகிறது. என் சம்மட்டி வாசலில் சாய்ந்திருக்கிறது. வருகிறவர்களுக்கென்று இல்ஸே பெரிய சட்டியில் சூப் வைத்திருக்கிறாளாம். உடைக்கச் சம்மதித்தாளா என்று யாருக்கும் தெரியவில்லை.

முடிவு ஒன்று: உடைக்கிறார்கள். பிளாஸ்டிக்கை உருவியதும் பழைய தரை மினுமினுக்கிறது. மசுவோவும் செருப்பைக் கழற்றி அதில் நிற்கிறார். (நிற்க மாட்டார். அந்தக் குளிரை அவர் அறிவார்.)

முடிவு இரண்டு: இல்ஸே வாசலை மறித்துக்கொள்கிறாள். சம்மட்டிகள் வீடு திரும்புகின்றன. (எல்லோரும் மெச்சுவார்கள். அவள் தினமும் காலையில் எழுந்து அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்ப்பாள்.)

முடிவு மூன்று நேற்று வண்டி ஓட்டும்போது தோன்றியது. இல்ஸே கேட்கிறாள்: "உங்கம்மா எந்த இடத்துல நிப்பாங்க?" அவர் சொல்கிறார்: "அடுப்புக்கு முன்னாடிதான். வேற எங்கே நிக்க விட்டோம்?" அவள் சொல்கிறாள்: "அப்ப அந்த இடத்துச் சிமெண்டு மட்டும் இருக்கட்டும். மத்ததை உடைங்க."

எழுதி முடித்ததும் எனக்கே புல்லரித்தது. ஓடிப்போய் இதை இல்ஸே காதில் போட்டுவிடலாம் என்று எழுந்தேன், செருப்பும் மாட்டினேன். எல்லோருக்கும் நல்லது, கதைக்கும் நல்லது. அப்புறம் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளைக் கேட்காமலே, நல்ல மனசோடு முடிவு செய்து, வழவழவென்று இழைத்துக் கொடுப்பது. ஊர் செய்ததும் அதைத்தானே?

அதனால் வாயை மூடிக்கொண்டு போகிறேன். உங்களுக்கு ஒரு முடிவு தோன்றியிருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், என்னுடையதைவிட நன்றாகவே இருக்கலாம். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவள் உடைக்கச் சொன்னால் உடைப்பேன், வேண்டாமென்றால் சூப் குடித்துவிட்டு வருவேன்.