சம்பா பாவாடைக்கு ஈயமணி

ஸுஹைறா தைத்த அபாயா அங்கியைப் போட்டுக்கொண்டு கல்முனைக்குடிக் கடற்கரை வீதியில் எந்தக் காற்றிலும் போகலாம். அதன் கீழ்க்கரை ஒரு அங்குலம் மேலே எழும்பாது. மந்திரம் ஒன்றுமில்லை. வீச்சு வலைக்குக் கோக்கிற ஈயமணிகளில் ஆகச் சிறியதாகப் பொறுக்கி, கரை மடிப்புக்குள் சாணுக்கு ஒன்றாய் வைத்துத் தைத்துவிடுவாள். புருஷன் ஜெமீலுக்கு வலைக்கடை என்பதால் மணிக்குப் பஞ்சமில்லை. மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து போகிற பெண்களெல்லாம் அவளைத்தான் தேடி வந்தார்கள்.

அப்படிப்பட்டவளிடம் போய்ச் சம்பா என்கிற பிரேசில் ஆட்டத்துக்குப் பாவாடை தைக்கக் கேட்டால் என்ன நடக்கும்?

கேட்டவள் பக்கத்து ஊர்ப் பாண்டிருப்புச் சிவரூபினி. கொழும்பில் தொலைக்காட்சிச் செய்தி வாசிக்கிறவள். பதினொரு வருடமாக நாடு அவளை மேசைக்கு மேலே மட்டும்தான் பார்த்திருக்கிறது. இப்போது பிரபலங்கள் ஆடுகிற போட்டி ஒன்றில் அவளும் இருந்தாள். சனிக்கிழமை ஆட்டம், ஞாயிறு மாலை பார்ப்பவர்களின் வாக்கையும் எண்ணி ஒருவரை வெளியேற்றுவார்கள். நடிகர், பாடகி, கிரிக்கெட்காரர் என்று தொடங்கிய பன்னிரண்டு பேரில் ஆறு பேர் மிஞ்சிய கிழமை, அவளுக்குச் சம்பா விழுந்தது. கீரிச்சம்பா அரிசியா என்று கேட்டுவிட்டு ஜெமீல் தானே சிரித்துக்கொண்டான். அவனுடைய பகிடிக்கு அவனை விட்டால் சிரிக்க ஆளில்லை.

பாவாடை பறக்க வேண்டும், குஞ்சம் வேண்டும், இடப்பக்கம் தொடை வரைக்கும் வெட்டு வேண்டும் என்று சிவரூபினி போனில் குரல் பதிந்து அனுப்பியிருந்தாள். கொழும்பில் தைக்க ஆளிருக்கிறது, ஆனாலும் உன் கையால்தான் வேண்டும் என்றும் சொல்லியிருந்தாள்.

இடப்பக்கம் என்றதும் ஸுஹைறாவுக்குப் பகீரென்றது. சுனாமியன்று அள்ளுண்டு வந்த கூரைத் தகரம் சிவரூபினியின் இடத் தொடையை முழங்கால் வரை கிழித்திருந்தது. அப்போது இருவருக்கும் பதினான்கு வயது. ஆஸ்பத்திரியில் ஸுஹைறாவின் உம்மாவுக்கு அடுத்த கட்டில் அவளுடையது. மருந்து கட்டும் நேரமெல்லாம் ஸுஹைறாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் கத்துவாள். அன்றிலிருந்து இருபது வருடமாக அந்தத் தழும்பை அவள் எவருக்கும் காட்டியதில்லை.

வெட்டு வைக்கச் சொன்னது கொழும்புக்காரர்களின் வேலைதான், இவள் பாவம், மறுத்துச் சொல்ல வாய் வந்திராது என்று ஸுஹைறா தானாகவே முடிவு கட்டினாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லையே! வெட்டைச் சொன்னபடி வைத்தாள். பிறகு வெட்டின் இரண்டு ஓரத்திலும், கரை நெடுகிலும், அபாயாவுக்கு வைப்பதைப் போல இரண்டு மடங்கு ஈயமணி வைத்துக் கையாலேயே தைத்தாள். தைத்து முடித்தபோது சிநேகிதியின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி அவளுக்கு. பொதியைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். அது சனிக்கிழமை காலையில்தான் போய்ச் சேர்ந்தது. உடுத்தி ஒத்திகை பார்க்க நேரமிருக்கவில்லை.

அன்று பின்னேரம் புருஷனும் பெண்சாதியும் டீவிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். சம்பா முழங்காலில் இருக்கிற ஆட்டம். ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் மடங்கி நிமிர வேண்டும், அந்தத் துள்ளல் இடுப்புக்கு ஏற வேண்டும், உடுப்பு உடனே அதற்குப் பதில் சொல்ல வேண்டும். சிவரூபினியின் முழங்கால் சரியாகத்தான் மடங்கி நிமிர்ந்தது. பாவாடைதான் வரவில்லை. அவள் சுழன்று முடித்த பிறகு அது மெல்லத் திரும்பியது. நனைந்த வலை மாதிரிக் காலைச் சுற்றிக்கொண்டது. முதல் சுழற்சியிலேயே ஸுஹைறாவுக்கு விளங்கிவிட்டது.

இடுப்பு அசையவே இல்லை என்றார் ஒரு நடுவர். ஆறு கிழமை பழகியும் நீங்கள் இன்னும் செய்தி மேசைக்குப் பின்னால்தான் இருக்கிறீர்கள் என்றார் மற்றவர். மண்டபம் சிரித்தது. சிவரூபினியும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் ஸுஹைறாவால் பார்க்க முடியவில்லை.

“அவளுக்கு ஆட வராது போல, புள்ள” என்றான் ஜெமீல்.

“அவளுக்கு வரும். நான்தான் வர விடல்ல.”

ஞாயிறு காலையில் சிவரூபினிக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள்.

“ஈயமா? குஞ்சம்தான் பாரமெண்டு நினைச்சன்” என்றாள் சிவரூபினி. பிறகு கேட்டாள்: “மறைக்கச் சொல்லி நான் உன்னட்டக் கேட்டனாடி?”

“கொழும்புக்காரனுகள் உன்னை வற்புறுத்தியிருப்பானுகள் எண்டு...”

“ஒருத்தரும் சொல்லல்ல. வெட்டு நான் கேட்டது. இருபது வருஷமா சாறிக்குள்ள வச்சிருந்தன், இனிப் போதும் எண்டு நினைச்சன். அந்தக் காலைப் பார்த்தவள் நீ. அதாலதான் உன்னட்டத் தைக்கத் தந்தன்.”

மன்னித்துக்கொள் என்று ஸுஹைறா அழுதாள். மேக்கப்புக்குக் கூப்பிடுகிறார்கள் என்று சிவரூபினி போனை வைத்துவிட்டாள்.

ஸுஹைறா தன் தையல் கடையின் பேஸ்புக் பக்கத்தைத் திறந்தாள். அந்தப் பாவாடையைத் தைத்தது நான், கரைக்குள் வலை ஈயம் வைத்தது நான், ஆடியவளில் பிழையில்லை, அவளுக்கு வாக்குப் போடுங்கள் என்று தன் பேரையும் போட்டு எழுதினாள். அபாயாக் கடைக்காரி சம்பாவுக்குத் தைத்தாளா என்று ஊர் கேட்கும் என்றான் ஜெமீல். கேட்கட்டும் என்றாள். ஊர் கேட்டது. சிரிக்கவும் செய்தது. ஆனால் வாக்குத்தான் போதவில்லை.

அன்று மாலை சிவரூபினியின் பேரைச் சொல்லி வெளியேற்றினார்கள். போகிறவர் தன் ஆட்டத்தைக் கடைசியாய் ஒருமுறை ஆடிவிட்டுப் போவது அந்தப் போட்டியின் வழக்கம். தாளம் எழும்பியது. அவள் சுழன்றாள். பாவாடை இடுப்பு உயரத்துக்கு எழும்பிக் குடையாய் விரிந்தது. தொடையிலிருந்து முழங்கால் வரை அந்தத் தழும்பு வெளிச்சத்தில் பளபளத்தது. கமரா ஒரு கணம் முகத்துக்கு ஓடிவிட்டு, மனம் மாறிக் காலுக்கே வந்தது. மண்டபத்தில் யாரோ ஒருவர் எழுந்து நின்றார். பிறகு எல்லோரும் நின்றார்கள்.

“என்ன புள்ள இது, உன்ட கரைத் தையலெல்லாம் பிய்ஞ்சு நூல் தொங்குது” என்றான் ஜெமீல்.

“அவள்தான் பிச்சிருக்கிறாள்” என்றாள் ஸுஹைறா, அழுதுகொண்டே. “நல்லாப் பிச்சிருக்கிறாள்.”