பவுடர் போட்ட காலுறை

மலத்தைப் பார்த்துச் சின்னவளுக்குக் குமட்டல் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பரிசோதனைக்கூடத்துக்குக் காலையில் வந்து சேரும் டப்பாக்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொரு மூடியாகத் திறந்து, நிறம், இறுக்கம், சளி, ரத்தம் என்று குறித்துக்கொண்டு, குச்சியால் ஒரு பொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்ப்பதுதான் அவள் வேலை. கொடுத்த டப்பாவை விட்டுவிட்டுச் சிலர் ஜாம் பாட்டிலில் கொண்டுவருவார்கள். ஒரு பெரியவர் நகைக்கடைப் பெட்டியில் கொண்டுவந்து, இரண்டு கையாலும் பவ்யமாக நீட்டினார். "தங்கம் வந்திருக்கு, எடை போட்டு வாங்கிக்கோடி" என்று கூட வேலை பார்ப்பவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே திறந்தாள்.

அருவருப்பு என்றால் என்னவென்று அவள் மறுபடி கற்றுக்கொண்டது மாலை வகுப்பில்தான்.

பள்ளி முடித்தபோது மருத்துவத்துக்கான நுழைவுத் தேர்வில் அவள் மயிரிழையில் தவறினாள். இரண்டாம் முறை எழுதினாள், மயிர் இன்னும் தடித்துப்போனது. உயிர்வேதியியல் படித்துப் பட்டம் வாங்கி, டப்பா திறக்கும் வேலைக்கு வந்த பிறகுதான், வேறு சில நாடுகளில் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களை நேராக நான்காண்டு மருத்துவப் படிப்பில் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்தது. "பின்வாசல் வழியா டாக்டராகப் போறா" என்றாள் அக்கா. "பின்வாசல் இல்ல, பக்கத்து வாசல்" என்றாள் சின்னவள். சொல்லிவிட்டு, தான் சொன்னது சரிதானா என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தாள். அவள் சுபாவம் அப்படி. எதையும் இரண்டு முறை சரிபார்ப்பாள்; மூன்றாம் முறை தன்னையே சந்தேகப்படுவாள்.

அப்படி ஒரு தூரத்து நாட்டுக் கல்லூரியின் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். மிச்சம் இருந்தது நேர்காணல். அதற்குத்தான் வகுப்பு.

டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது வகுப்பறை. படியேறும்போதே ரப்பர் நெடி மூக்கைப் பிடிக்கும். சொல்லிக்கொடுப்பவருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் அழுகை மாஸ்டர். எதைச் சொன்னாலும் கண்ணில் நீர் கட்டிக்கொள்ளும். அந்த நீர் கீழே விழுந்ததை மட்டும் யாரும் பார்த்ததில்லை. பேச்சின் நடுவே பைக் சாவியைக் காதில் விட்டுக் குடைவார். வெளியே எடுத்து நுனியை ஆராய்வார். பிறகு நாற்காலிக் கையில் துடைப்பார். சின்னவள் முதல் நாளிலேயே அந்த நாற்காலியைக் கவனித்து வைத்துக்கொண்டாள்.

"ஏன் டாக்டராகணும்னு கேட்பாங்க. சேவைன்னு சொன்னா கொட்டாவி விடுவாங்க. கதை வேணும். முதல்ல முகம் சுளிக்கணும், அப்புறம் மனசு உருகணும், கடைசியில ஒரு முடிவு எடுக்கணும். சுளிப்பு, உருக்கம், முடிவு. எழுதிக்கோங்க" என்றார் மாஸ்டர்.

எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். சின்னவளும் எழுதி, கீழே கோடும் போட்டாள்.

"உன் வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையாம்மா?" என்று அவளைக் கேட்டார். ஏதோ பலகாரம் இருக்கிறதா என்று கேட்பதுபோல இருந்தது.

அவள் அப்பாவின் காலைப் பற்றிச் சொன்னாள். அப்பா பஸ் கண்டக்டர். சர்க்கரை நோய். ஒருநாள் குதிகாலில் சின்னதாக ஒரு வெடிப்பு. யாரிடமும் மூச்சு விடவில்லை. சின்னவளுக்குக் கடைசி வருடத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. அது முடியட்டும் என்று இருந்தார். புண் நாற ஆரம்பித்ததும் காலுறைக்குள் முகப்பவுடரைக் கொட்டி ஷூவை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். தேர்வு முடிந்த அன்று அவள்தான் அந்தக் காலுறையைக் கழற்றினாள். பவுடரும் சீழும் சேர்ந்து மாவாகக் குழைந்து, துணி சதையோடு ஒட்டியிருந்தது. விரல்வரை பரவியிருந்ததால் இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். குதிகால் புண் இன்னும் ஆறவில்லை. தினமும் சாயங்காலம் அவள்தான் கழுவிக் கட்டுகிறாள்.

மாஸ்டரின் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. "அடடா! பவுடர்! வீட்லயே தங்கச் சுரங்கத்தை வச்சுக்கிட்டா சும்மா இருந்தே?" காதிலிருந்த சாவி அப்படியே நின்றது. "அப்பா இறந்துட்டார்னு வச்சா இன்னும் நிக்கும்."

"அவர் இருக்கார் சார்."

"இருக்கட்டும், இருக்கட்டும். நூறு வயசு இருக்கட்டும். கதைக்குச் சொன்னேன்."

அதன் பிறகு வாரம் தவறாமல் அவளை எழுப்பி அந்தக் காலைச் சொல்ல வைத்தார். 'சீழ்' என்ற இடத்தில் நிறுத்து என்றார். 'அப்பா' என்ற இடத்தில் குரலை இறக்கு என்றார். சொல்லச் சொல்ல அந்தக் கால் அப்பாவிடமிருந்து கழன்று வகுப்பறைக்குள் தனியாக நடமாடுவதுபோல அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் சொன்னாள். இடம் வேண்டுமே. தனக்குத்தான் தொட்டதற்கெல்லாம் சுருங்கும் மனசோ என்றும் நினைத்துக்கொண்டாள்.

நேர்காணலுக்கு முந்தைய வாரம் ஒத்திகை. முதலில் எழுந்தவன் ஜெல். தலையில் அவ்வளவு ஜெல் தடவியிருப்பான். மின்விசிறிக் காற்றிலும் ஒரு முடி அசையாது. அவனும் பட்டதாரி, அதே கல்லூரியின் நேர்காணலுக்குத்தான் போகிறான். கையைக் கட்டிக்கொண்டு, குரலை இறக்கி ஆரம்பித்தான்:

"என் அப்பா தன் காலுறைக்குள் பவுடரைக் கொட்டிக்கொண்டார்."

சின்னவளுக்கு முதலில் புரியவில்லை. யாரோ தன் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்து போவதைப் பின்னாலிருந்து பார்ப்பதுபோல இருந்தது. 'சீழ்' என்ற இடத்தில் அவன் நிறுத்தினான். 'அப்பா' என்ற இடத்தில் குரல் உடைந்தது. கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. அவள் ஒருநாளும் அழுததில்லை. வகுப்பே கைதட்டியது.

"சார், அது எங்கப்பா" என்றாள்.

"தெரியும்மா. வகுப்புல சொன்ன கதை வகுப்போட சொத்து. அவன்கிட்ட நல்லா உட்காருது பார்" என்றார் மாஸ்டர். "நேர்காணல்ல அவன் உனக்கு முன்னாடி போறான். ரெண்டு பேரும் ஒரே காலைத் தூக்கிட்டுப் போக முடியாது. உனக்கு அம்மா இருக்காங்கல்ல?"

"நல்லா இருக்காங்க சார்."

"அதுதான் பிரச்சினை" என்றவர் சாவியைக் காதுக்குக் கொண்டுபோனார்.

படியிறங்கும்போது ஜெல் பின்னாலேயே ஓடிவந்தான். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. எங்கப்பாவுக்கு ஒரு வியாதியும் இல்ல. காலையில ஓடுறார், சாயங்காலம் நீந்துறார். நான் என்னக்கா பண்றது?"

அவன் நிஜமாகவே வருத்தப்பட்டான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. டயர் கடை வாசலில் நின்று எச்சிலைத் துப்பினாள். வாய் சுத்தமாகவில்லை.

வீட்டில் அப்பா ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துக் காத்திருந்தார். "என்ன, இன்னைக்கு நம்ம கால் எப்படி ஓடுச்சு? கூட்டம் ஏறுச்சா?"

கட்டைப் பிரித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னாள்.

"போச்சு, உங்க கால் வேற வீட்டுக்குக் குடிபோயிடுச்சுப்பா" என்றாள் அக்கா. "இனிமே அம்மாவுக்குத்தான் ஏதாவது வரவழைக்கணும்."

"எனக்கு எதுக்குடி வரணும்? அந்த மாஸ்டருக்கு வரட்டும், கழிச்சல்" என்று அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

அப்பாவும் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"பவுடரையுமா சொன்னான்?"

"சொன்னான்ப்பா."

அவர் தன் காலில் விரல்கள் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அது உனக்காகப் போட்டதும்மா" என்றார், ரொம்ப மெதுவாக. அவள் குனிந்து புண்ணைக் கழுவினாள். அந்த நாற்றம் அவளுக்குப் பழகியதுதான். அன்றைக்கு மட்டும் அது நாறவே இல்லை என்று தோன்றியது. நாறியது வேறு.

நேர்காணல் ஒரு பெரிய ஹோட்டலின் மாடியில் நடந்தது. வேண்டாம் என்று சொல்லியும் அப்பா கூடவே வந்துவிட்டார். நடைக்கூடத்துச் சோபாவில், காலைத் துணியால் மூடிக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே போயிருந்த ஜெல் முகமெல்லாம் பளபளக்க வெளியே வந்தான்.

"உங்கப்பா என்னைக் காப்பாத்திட்டாருக்கா" என்று அவள் காதருகே கிசுகிசுத்தான். எதிர் சோபாவில் இருந்தவர்தான் அந்த அப்பா என்று அவனுக்குத் தெரியாது. அவளை உள்ளே கூப்பிட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் வெள்ளை முடி வைத்த பெண் மருத்துவர். படிப்பைப் பற்றிக் கேட்டார்கள், பரிசோதனைக்கூடத்தைப் பற்றிக் கேட்டார்கள். ஒழுங்காகவே பதில் சொன்னாள். பிறகு அந்த அம்மாள் கேட்டார்: "ஒரு நோயாளியை நீங்களே பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டது உண்டா?"

பொய் சொல்ல அவளிடம் எதுவும் தயாராக இல்லை. உண்மை ஒன்றுதான் இருந்தது. "என் அப்பாவை" என்றாள். சுளிப்பும் உருக்கமும் இல்லாமல், டப்பாவில் இருப்பதைக் குறிப்பதுபோலச் சொன்னாள். காலுறைக்கு வந்தபோது மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பவுடரா?" என்றார் ஓரத்தில் இருந்தவர். "இன்று ஏற்கெனவே ஒரு பவுடர் கேட்டோம். உங்கள் ஊரில் எல்லா அப்பாக்களும் இப்படித்தானா?"

அவளுக்குக் காது சுட்டது. "அது என் அப்பாவின் கால்" என்றாள்.

"உங்களுக்கு முன்னால் வந்தவரும் அப்படித்தான் சொன்னார். உங்களால் நிரூபிக்க முடியுமா?"

கதவுக்கு வெளியே, பத்தடி தூரத்தில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். ஒரு வார்த்தை போதும். அவர் நொண்டிக்கொண்டு உள்ளே வருவார். இந்தக் கம்பளத்தின்மேல் கட்டைப் பிரிப்பார். மூன்று பேரும் குனிந்து பார்ப்பார்கள். முதலில் முகம் சுளிப்பார்கள். பிறகு உருகுவார்கள். பிறகு முடிவெடுப்பார்கள். மாஸ்டர் சொன்ன வரிசை பிசகாது. இடம் கிடைத்துவிடும். நினைக்கும்போதே அடிவயிற்றிலிருந்து புரட்டிக்கொண்டு வந்தது.

"முடியும்" என்றாள். "ஆனால் செய்ய மாட்டேன். நம்பாவிட்டால் விட்டுவிடுங்கள். வேறு கேள்வி கேளுங்கள்."

கேட்டார்கள். பதில் சொன்னாள். நன்றாகச் சொன்னாளா என்று அவளுக்குத் தெரியவில்லை. வெள்ளை முடி அம்மாள் கடைசிவரை எதையோ எழுதிக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்தபோது நடைக்கூடத்தின் ஜன்னல் ஓரத்தில் ஜெல் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான்.

"எவ்வளவு பெரிய ஹோட்டல்! எங்கேயோ எலி செத்துக் கிடக்குது போலக்கா. வயித்தைக் குமட்டுது. உங்களுக்கு வரலையா?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் துணியை விலக்கி, கட்டைப் பாதி பிரித்து, காலைத் தயாராக நீட்டி வைத்திருந்தார்.

"கூப்பிடுவாங்கன்னு அவிழ்த்து வச்சேன்" என்றார். "காட்டினா நம்புவாங்கல்ல? நீ ஏன்மா கூப்பிடல?"

"தேவைப்படலைப்பா."

அவள் தரையில் மண்டியிட்டாள். பையிலிருந்து புதுத் துணியை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள். ஜெல் அந்தக் காலைப் பார்த்தான். இல்லாத இரண்டு விரல்களைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கலாமா வேண்டாமா என்று அவன் கை தவித்தது. எடுக்கவில்லை. கழிப்பறையைத் தேடிக்கொண்டு ஓடினான். அவன் வாந்தி எடுக்கும் சத்தம் நடைக்கூடம் முழுக்கக் கேட்டது.

"யாரும்மா அந்தத் தம்பி? பாவம், உடம்புக்கு முடியல போல" என்றார் அப்பா.

"உங்க பையன்தான்ப்பா" என்றாள்.

அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் சோபா குலுங்கச் சிரித்தார். "ஆடாதீங்க, கட்டு நழுவுது" என்று அவள் அதட்டினாள்.

முடிவு வந்தது. ஜெல்லுக்கு இடம். சின்னவள் காத்திருப்போர் வரிசையில். டயர் கடைக்கு மேலே அவன் படம் போட்ட பேனர் ஏறியது: 'தந்தையின் காலுக்காக ஒரு தனயனின் பயணம்'. மாஸ்டர் போனில் கூப்பிட்டார்.

"கவலைப்படாதேம்மா. அவன் விலகினா அந்த இடம் உனக்குத்தான். ரெண்டு பேருமே நம்ம பிள்ளைங்க. இல்லைன்னாலும் அடுத்த வகுப்பு இருக்கு, உனக்கு ஒரு புதுக் கதை பிடிச்சிடலாம்."

அவன் விலக மாட்டானா என்று ஒரு நொடி அவள் மனசு நாக்கைத் தொங்கப்போட்டது. அந்த நொடிதான் எல்லாவற்றையும்விடக் கேவலமாக இருந்தது.

"வேண்டாம் சார். அடுத்த முறை நானே போறேன். டப்பா திறக்கிறதைச் சொல்லிக்கிறேன்."

"அதை யார் கேட்பாங்க?"

"அந்தச் சாவியை ஒரு டப்பாவில போட்டுக் குடுங்க சார். என்னென்ன இருக்குன்னு பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். சொன்னது அதிகமோ என்று ஒருமுறை யோசித்தாள். இரண்டாம் முறை யோசிக்கவில்லை.

சாயங்காலம் ஸ்டூலில் காலை வைத்துக்கொண்டு அப்பா கேட்டார். "இன்னும் நாறுதாம்மா?"

"நாறுதுப்பா."

"குறைஞ்சிருக்கா?"

அவள் குனிந்து, மூக்கைப் புண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அவசரப்படாமல் முகர்ந்து பார்த்தாள். சரிபார்க்க இன்னொரு முறை முகர்ந்தாள்.

"கொஞ்சம்" என்றாள்.