தூங்குகிறவளுக்குப் பக்கத்து இருக்கை

அண்ணிக்கு விமானத்தில் தூக்கம் வராது. பத்தொன்பது வருஷமாக மொழிபெயர்ப்பாளர் வேலையில் நாடு நாடாகப் பறந்தாகிவிட்டது. ஆனாலும் ஏறி உட்கார்ந்தால் இறங்கும் வரை கொட்டக் கொட்ட விழித்திருப்பாள். அவளுடைய நாத்தனார், அதாவது கணவரின் ஒரே தங்கை, அதே வேலைதான் செய்கிறாள். அவள் பெல்ட்டை மாட்டிய கையோடு அடித்துப் போட்ட மாதிரி தூங்கிவிடுவாள்.

மேடையில் ஒருவர் பேசப் பேச, அரங்கத்தின் பின்பக்கக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, காதில் விழுவதை அதே மூச்சில் இன்னொரு மொழியில் மைக்கில் சொல்ல வேண்டும். அதுதான் இருவருக்கும் பிழைப்பு. அரை மணிக்கு மேல் ஒருத்தரால் தாக்குப்பிடிக்க முடியாது, மூளை சூடாகிவிடும். அதனால் எப்போதும் ஜோடியாகத்தான் கூப்பிடுவார்கள். ஒருத்தி பேசும்போது மற்றவள் பக்கத்தில் உட்கார்ந்து எண்களையும் பெயர்களையும் தாளில் எழுதி நகர்த்துவாள். அண்ணியும் நாத்தனாரும் ஒன்பது வருஷமாக ஜோடி. வெளியே பார்ப்பவர்கள், ஒரே குடும்பம், என்ன ஒற்றுமை என்பார்கள். ஒற்றுமை இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. அதற்கு அடியில் ஒரு புகைச்சலும் இருந்தது. அது அண்ணிக்கு மட்டும் தெரியும்.

புகைச்சல் தொடங்கியது தூக்கத்தில்தான். கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன முதல் வாரம், விடுமுறை நாள் காலை ஒன்பது மணிக்கு அண்ணி மிக்ஸியைப் போட்டாள். மாமியார் ஓடி வந்து சுவிட்சை அணைத்தாள். "புள்ள தூங்குது, கொஞ்சம் பொறுத்துப் பண்ணேன்" என்றாள். புள்ளைக்கு அப்போது வயது இருபத்திரண்டு. அன்றிலிருந்து அந்த வீட்டில் அவள் தூங்கும் நேரமெல்லாம் கதவுகள் ஓசைப்படாமல் சாத்தப்பட்டன, தொலைபேசி துணிக்கு அடியில் போனது. அண்ணி தூங்கும்போது யாரும் எதையும் மெதுவாகச் செய்ததாக அவளுக்கு நினைவில்லை. காலிங் பெல், பால், குழந்தை, குழாயில் தண்ணீர் வரும் சத்தம் என்று எல்லாவற்றுக்கும் எழுந்து பழகிய காது அது. இப்போது வீட்டில் தனியாகப் படுத்தாலும் அந்தக் காது மூடிக்கொள்ள மறுத்தது.

இந்த முறை வேலை குடிநீர் பற்றிய ஒரு பெரிய மாநாடு. ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பயணம் என்றால் பிசினஸ் கிளாஸ் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். இரவு பத்தரைக்குக் கிளம்பி, காலை எட்டுக்கு இறங்கி, பதினோரு மணிக்குக் கண்ணாடி அறையில் இருக்க வேண்டும். முதல் பேச்சு அமைச்சருடையது, நேரலையில் போகும். ஏற்பாட்டாளர்கள் மின்னஞ்சலில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். தொடக்க உரையை இளையவரே செய்யட்டும், அவருடைய குரல் ஒளிபரப்புக்குப் பொருத்தமாக இருக்கிறது. அண்ணி அந்த வரியை நாலு தடவை படித்தாள். மூன்று வாரமாக அணை, வடிகால், நிலத்தடி நீர் என்று சொற்பட்டியல் தயாரித்தது அவள். அதைப் பெட்டி கட்டும்போது ஒரு புரட்டுப் புரட்டியது நாத்தனார்.

விமான நிலையத்தில் கணவர் தங்கையின் தோளைத் தட்டி, "நல்லா தூங்கிட்டுப் போ, என்ன?" என்றார். மனைவியிடம் திரும்பி, "அவளைப் பாத்துக்கோ" என்றார். அவ்வளவுதான்.

இந்தப் பயணங்களில் ஒரு சின்னக் கணக்கு உண்டு. இரவுச் சாப்பாடு ஒவ்வொரு தட்டாக வந்து முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும். காலை உணவுக்காக, தரையிறங்க இரண்டரை மணி நேரம் இருக்கும்போதே விளக்கைப் போட்டுவிடுவார்கள். இரண்டையும் சாப்பிட்டால் தூக்கத்துக்கு மிஞ்சுவது ஐந்து மணி நேரம்தான். நாத்தனார் எப்போதும் விமான நிலைய ஓய்வறையிலேயே ஒரு கிண்ணம் சூப் குடித்துவிட்டு ஏறி, இரண்டு சாப்பாட்டையும் தள்ளிவிடுவாள். அண்ணி தூக்கம் எப்படியும் வராது என்று இரண்டையும் சாப்பிடுவாள். உண்மையில் அவளுக்கு அது பிடிக்கும். வெள்ளைத் துணி விரித்து, தட்டு கொண்டுவந்து வைத்து, இன்னும் வேண்டுமா என்று ஒருத்தர் குனிந்து கேட்பது வேறு எங்கே நடக்கிறது?

ஆனால் அந்த மின்னஞ்சலுக்குப் பிறகு அன்றைக்கு அவளுக்குள் ஒரு வீம்பு ஏறியிருந்தது. இவள் மட்டும்தான் தூங்குவாளா, நானும் தூங்குகிறேன் பார். இருக்கைப் பையில் இரண்டு ஒட்டுத்தாள்கள் இருந்தன. சிவப்பு, எழுப்ப வேண்டாம். பச்சை, சாப்பாட்டுக்கு எழுப்பவும். நாத்தனார் சிவப்பைத் தலைமாட்டில் ஒட்டி, கண்மறைப்பைப் போட்டு, "குட் நைட் அண்ணி" என்று சொல்லி, போர்வைக்குள் போய்விட்டாள். அண்ணியும் சிவப்பை ஒட்டினாள். இருக்கையைப் படுக்கையாக்கிக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பத்து நிமிஷத்தில் சூடான ரொட்டி வாசனை வந்தது. அப்புறம் முட்கரண்டிகளின் சத்தம். முன்வரிசை ஆசாமி எதையோ ருசித்து ம்ம் என்றான். அண்ணி புரண்டு படுத்தாள். காதைத் தலையணையால் அடைத்தாள். பக்கத்தில் நாத்தனாரின் மூச்சு ஒரே சீராக ஏறி இறங்கியது. அந்தச் சீர்தான் தாங்க முடியவில்லை. தூங்குவதற்குக்கூட இவளுக்கு வரம்.

ஒன்றரை மணி நேரம் போராடிப் பார்த்துவிட்டு அண்ணி எழுந்து உட்கார்ந்தாள். பசி குடைந்தது. பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, "சாப்பாடு இருக்குமாம்மா?" என்று கேட்டாள்.

"நீங்க சிவப்பு ஒட்டியிருந்தீங்க மேடம், அதான் எழுப்பல. இப்ப எல்லாம் முடிஞ்சுபோச்சு. பிஸ்கட் கொண்டு வரட்டுமா?"

வந்தது. இரண்டு பிஸ்கட், ஒரு சின்னப் பொட்டலத்தில் வறுத்த பருப்பு. விளக்குகள் அணைந்தன. தூக்கமும் இல்லாமல் சோறும் இல்லாமல் அண்ணி இருட்டில் பிஸ்கட்டைக் கடித்தாள். கடிக்கும் சத்தத்துக்குக்கூடப் பக்கத்தில் ஒரு அசைவு இல்லை. மாமியார் வீட்டு மிக்ஸி நினைவுக்கு வந்தது. இருபது வருஷம் பூனை மாதிரி நடந்தது நினைவுக்கு வந்தது. வயிறு எரிந்தது, பசியில் பாதி, மீதி வேறு.

அவள் எட்டி நாத்தனாரின் தலைமாட்டிலிருந்த சிவப்பை மெல்ல உரித்தாள். தன் பையிலிருந்த பச்சையை அதே இடத்தில் ஒட்டி, விரலால் தடவிவிட்டாள். இதயம் திருடிக்கு அடிப்பதுபோல் அடித்தது. கூடவே, சொல்லவே கூச்சமாக இருக்கும், ஒரு சந்தோஷமும் இருந்தது.

ஐந்தரை மணிக்கு விளக்கைப் போட்டார்கள். பணிப்பெண் நாத்தனாரின் தோளைத் தொட்டு, "காலை உணவு மேடம்" என்றாள். முதல் தடவைக்கு எழவில்லை. மூன்றாவது தடவை அவள் திடுக்கிட்டு எழுந்து கண்மறைப்பைப் பிடுங்கினாள். அண்ணி உடனே கண்ணை மூடிக்கொண்டாள்.

சரியாக அந்த நேரம் விமானம் குலுங்கத் தொடங்கியது. ஓரக்கண்ணால் பார்த்தபோது நாத்தனார் இரண்டு கைப்பிடிகளையும் விரல் வெளுக்கப் பிடித்திருந்தாள். தட்டில் எதையும் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் கைப்பையைத் துழாவி ஒரு மாத்திரையை எடுத்து விழுங்கினாள். தலைவலி போல என்று அண்ணி நினைத்துக்கொண்டாள். நன்றாக வேண்டும் என்றும் நினைத்தாள்.

இறங்கும்போது நாத்தனாரின் நடை தள்ளாடியது. வண்டியில் ஜன்னலில் சாய்ந்தே வந்தாள். "என்ன, தூக்கம் பத்தலையா?" என்று அண்ணி கேட்டதற்கு, "எழுப்பிட்டாங்க அண்ணி" என்று மட்டும் சொன்னாள்.

பதினோரு மணிக்கு அமைச்சர் பேச எழுந்தார். நாத்தனார் மைக்கைத் திறந்தாள். முதல் இரண்டு வாக்கியம் சரியாக வந்தது. மூன்றாவதில் நாக்கு குழறியது. "நிலத்தடி" என்று ஆரம்பித்து அங்கேயே நின்றாள். அண்ணி தாளில் பெரிதாக எழுதி நகர்த்தினாள். நாத்தனார் அந்தத் தாளைப் பார்த்தாள், ஆனால் படிக்கவில்லை. கண்கள் தாமாகச் சொருகின. கீழே அரங்கத்தில் காதில் மாட்டியிருந்த ஹெட்போனைத் தட்டிப் பார்த்து ஒவ்வொரு தலையாகக் கண்ணாடி அறைப் பக்கம் திரும்பியது. நாத்தனார் மைக் பொத்தானை அணைத்தாள். அண்ணி தன்னுடையதை அழுத்தினாள்.

அப்புறம் முப்பத்தைந்து நிமிஷம் அண்ணி பேசினாள். அவளுடைய வேலைக்காலத்தில் அப்படிப் பேசியதில்லை. அமைச்சர் மூச்சு விடும் இடத்தில் அவளும் விட்டாள், அவர் அடித்த நகைச்சுவைக்கு அரங்கம் இரண்டு மொழியிலும் ஒரே நேரத்தில் சிரித்தது. பக்கத்தில் நாத்தனார் மேஜையில் கவிழ்ந்து கிடந்தாள். ஏற்பாட்டாளர் கண்ணாடிக்கு வெளியே நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மூன்று வாரமாக அவள் ஆசைப்பட்டது இதற்குத்தான்.

இடைவேளையில் கணவர் அழைத்தார். "நேரலை பாத்தேன். இன்னைக்கு அவ பிச்சு உதறிட்டா. குரல் என்ன குரல்டி!"

"அது நான்."

"நீயா? ஏன், அவளுக்கு என்ன ஆச்சு?"

அண்ணி போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு கணம் அதையே பார்த்தாள். "ஒண்ணும் இல்ல, தூங்குறா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மதியம் உணவுக்கூடத்தில் நாத்தனார் கொஞ்சம் தெளிந்திருந்தாள். கறுப்புக் காபியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவளே பேசினாள்.

"மூணு வருஷமா மாத்திரை போட்டுத்தான் தூங்குறேன் அண்ணி. அந்த மோசமான தரையிறக்கம் ஞாபகம் இருக்கா? அதுக்கப்புறம் பயம். ஏறும்போதே ஒண்ணு போட்டுடுவேன். இன்னைக்கு நடுவுல எழுப்பிட்டாங்க, குலுங்குச்சு, பயத்துல இன்னொண்ணு போட்டேன். போட்டிருக்கக் கூடாது."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"உங்ககிட்டயா? பறக்கப் பயப்படுறான்னு தெரிஞ்சா பெரிய வேலையெல்லாம் யாருக்குப் போகும்?"

அண்ணிக்குச் சுருக்கென்றது. பொய் சொல்லித் தப்பிக்க அப்போதும் இடம் இருந்தது. பணிப்பெண் தவறாக எழுப்பிவிட்டாள் என்றே இருக்கட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் இரண்டாவது மாத்திரை என்று கேட்ட பிறகு அப்படி விட முடியவில்லை. "ஒட்டுத்தாளை நான்தான் மாத்தினேன்" என்றாள்.

நாத்தனார் கோப்பையைக் கீழே வைத்தாள். "எதுக்கு?"

"நீ தூங்குறதப் பாக்க முடியல."

அந்த மிக்ஸியைப் பற்றி, விமான நிலையத்தில் கணவர் சொன்னதைப் பற்றி, எதையும் சொல்ல வாய் வரவில்லை. நாத்தனார் கத்தவில்லை. எழுந்து போய், மிச்ச இரண்டு நாளும் தன் முறை வரும்போது மட்டும் கண்ணாடி அறைக்குள் வந்து, தாள் நகர்த்தி, எழுந்து போனாள். முகம் கொடுத்துப் பேசவில்லை. திரும்பும் பயணத்தை ஒரு நாள் தள்ளிப்போட்டுக்கொண்டாள்.

வீட்டில் அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அண்ணிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஐந்து மாதம் இருவரும் வேறு வேறு ஜோடிகளோடு வேலை பார்த்தார்கள். குடும்பம் கூடும்போது எதிரெதிரே உட்கார்ந்து குழந்தைகளைப் பற்றி மட்டும் பேசினார்கள். அண்ணியோடு போட்ட ஜோடி ஒரு வாயாடி. எண்களைத் தப்பாக எழுதி நகர்த்துவாள். அப்போதுதான் அண்ணிக்கு ஒன்பது வருஷம் தன் பக்கத்தில் எப்படிப்பட்டவள் உட்கார்ந்திருந்தாள் என்பது உறைத்தது. உறைத்ததும் அதற்கும் ஒரு பொறாமை வந்தது, இப்போது அவளோடு உட்கார்ந்திருக்கும் ஆளின் மேல்.

ஆறாவது மாதம் நாத்தனாரே அழைத்தாள். "ஒரு மருத்துவ மாநாடு. நாலு நாள். ரெண்டு பேர் வேணுமாம். வர்றீங்களா?"

"வர்றேன்."

"விமானத்துல என் பக்கத்துல உக்காரக் கூடாது. அது மட்டும்."

"சரி" என்றாள் அண்ணி. அவளுக்குக் கோபம் வரவில்லை.

நாலு வரிசை பின்னால் இடம் கிடைத்தது. விரிப்பு விரித்துச் சாப்பாடு வந்தது. அவள் எதையும் விடாமல், அவசரப்படாமல் சாப்பிட்டாள். ஒரு தடவை மட்டும் எழுந்து முன்னால் எட்டிப் பார்க்கத் தோன்றியது. உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்து நாத்தனாரின் மூச்சு கேட்கவில்லை. அதுவே பெரிய உதவியாக இருந்தது.